யோபு வாய்மேல் கை வைத்த நேரம்



ஆண்டவரின் மகத்துவத்துக்கு முன்னால் தாழ்மை என்று தலைப்புத் தந்திருக்கிறீர்கள். தாழ்மை என்றதும் "நான் ஒன்றுக்கும் ஆகாதவன்" என்று தன்னையே தாழ்த்திப் பேசிக்கொள்வதுதான் பலருக்கு நினைவில் வருகிறது. ஆனால் வேதாகமத்தில் யோபின் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்து, சொத்தைப் பறிகொடுத்து, உடம்பெல்லாம் புண்ணாகிச் சாம்பலில் உட்கார்ந்தவன் ஆண்டவரிடமே நியாயம் கேட்கிறான். 38ஆம் அதிகாரத்தில் பெருங்காற்றின் நடுவிலிருந்து பதில் வருகிறது. ஆனால் அவன் கேட்ட கேள்விக்கு அதில் விடை இல்லை! உலகுக்குக் கடைகால் போட்ட நாளில் அவன் எங்கே இருந்தான் என்று ஆண்டவர் திருப்பிக் கேட்கிறார். கடலின் எல்லை, பனியின் கிடங்கு, விண்மீன் கூட்டம், சிங்கக்குட்டியின் பசி, காக்கைக் குஞ்சின் இரை, வரையாடு ஈனும் காலம் என்று இரண்டு அதிகாரங்களுக்குக் காட்டிக்கொண்டே போகிறார். யோபு கையை வாய்மேல் வைத்துக்கொள்கிறான். கண் நிறையப் பார்த்தவனுக்கு வரும் மௌனம் அது.

அப்படிப் பார்த்த ஒருவர் நம் தமிழிலும் இருந்தார். 1774இல் பிறந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் படித்தவர். 1800இல் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். கோள்கள் சூரியனைச் சுற்றுகின்றன என்ற புதிய வானியலையும், அன்றைய பூகோளத்தையும் குறவஞ்சிக்குள்ளேயே கொண்டுவந்தார். விஞ்ஞானம் வந்தால் விசுவாசம் கரைந்துவிடும் என்று அவர் அஞ்சவில்லை. வானம் எவ்வளவு பெரிது என்று தெரியத் தெரிய, அதைப் படைத்தவர் அவருக்கு இன்னும் பெரியவரானார். இன்றைக்குச் சில பிரசங்கங்களில் அறிவியலைப் பகையாக்கிப் பேசுவதைக் கேட்கும்போது எனக்குச் சாஸ்திரியார்தான் நினைவுக்கு வருகிறார்.

ஆனால், அன்பானவர்களே, இதையும் சொல்லாமல் இறங்கினால் நான் உண்மை பேசியவன் ஆகமாட்டேன். கோயிலுக்குள் சாதி பார்த்துத் தனித்தனியாக உட்காரும் வழக்கத்தை இளைய மிஷனரிகள் 1820களில் ஒழிக்க முயன்றார்கள். சாஸ்திரியார் அதை எதிர்த்தார், எழுதியே எதிர்த்தார். விண்மீன்களுக்கு முன்னால் பணிந்த மனம் பக்கத்துப் பாயில் இருந்தவனுக்கு முன்னால் பணியவில்லை. அவருடைய பாட்டை நேசிக்கிறவன் என்பதால்தான் இது என்னை உறுத்துகிறது. அவரோடு முடிந்த கதையா இது? திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில், செத்தவர்களுக்கு நடுவிலும் சாதிக்காக ஒரு சுவர் எழுப்பினோமே!

நம் பூந்தமல்லி மண்ணுக்கு வேறொரு நினைவு உண்டு. திருக்கச்சி நம்பி பிறந்த ஊர் இது. அந்தணர் குலத்தில் பிறக்காத அந்த அடியவரை இராமானுசர் குருவாக மதித்துப் பணிந்தார் என்று வைணவ மரபு போற்றுகிறது. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய அந்தப் பணிவைப் பார்த்து, வேதம் கையில் வைத்திருக்கும் நாம் கொஞ்சம் வெட்கப்படலாம்.

யோபின் கடைசி அதிகாரத்தை நாம் அவசரமாகக் கடந்துவிடுகிறோம். இழந்தது இரண்டு மடங்காய்த் திரும்ப வந்ததைத்தான் சாட்சியாகச் சொல்கிறோம். அதற்கு முன்னால் ஒன்று நடக்கிறது. தன்னைப் பாவி என்று குற்றஞ்சாட்டிய அதே நண்பர்களுக்காக யோபு ஜெபம் செய்கிறான். அவன் சிறையிருப்பு மாறுவது அப்போதுதான். மகத்துவத்தைக் கண்டவன் எழுந்து போய்ச் செய்த முதல் வேலை அந்த ஜெபம்.

ஆகையால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த வாரம் யோபு 38 முதல் 42 வரை வீட்டில் எல்லாரும் கேட்க உரக்க வாசியுங்கள். வாசித்து முடித்ததும், உங்களோடு பேச்சை நிறுத்திவிட்ட ஒருவருடைய பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில், இதுவரை நீங்கள் பக்கத்தில் உட்காராத ஒருவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.