அயல் கருவியும் நம் சுருதியும்



புதுக்கவிதையும் ஐக்கூவும் தமிழுக்கு உரியனவா என்னும் வினா நம் அமர்வுகளில் பலமுறை எழுந்துள்ளது. கடுஞ்சொல்லும் பிறந்ததுண்டு. அதற்குரிய விடையை இன்று ஓர் இசைக்கருவியிடம் கேட்க விழைகின்றேன்.

யாழுக்கு நரம்பு கூட்டும் முறையைச் சிலப்பதிகாரம் அரங்கேற்றுகாதையில் விரித்துரைக்கின்றது. நம் மாவட்டத்துக் குடுமியான்மலையில் ஏழாம் நூற்றாண்டளவிலேயே சுரக்கோவைகள் கல்லில் பொறிக்கப்பட்டன. இத்தகைய மரபினர், ஐரோப்பியரின் வயலினை எங்ஙனம் ஏற்றனர்?

முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியரிடம் வயலின் பயின்றார். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு அக்கருவியில் பெரும்புகழ் எய்தினார். 1834இல் சுவாதித் திருநாள் மன்னர் அவருக்குத் தந்த வயலின் ஒன்றைப் பரிசளித்தார்.

வயலினுக்கு உறவான செல்லோவை ஈண்டு ஒப்புநோக்கல் வேண்டும். பாக் வாழ்ந்த பரோக் காலத்தில் அதனைக் கால்களுக்கிடையே இடுக்கி வாசித்தனர்; நரம்புகள் விலங்கின் குடலால் ஆனவை. 19ஆம் நூற்றாண்டில் தரையில் ஊன்றும் முள் பரவியது. 20ஆம் நூற்றாண்டில் எஃகுத் தந்தி வந்தது. ஊருக்கோர் அளவாயிருந்த சுருதி உயரமும் ஒரே அளவுக்கு வந்தது. ஆயினும் அடுத்தடுத்த நரம்புகள் குரலும் இளியுமாக, அதாவது சட்சமமும் பஞ்சமமுமாக, அடுக்கி நிற்கும் முறை நிலைத்தது. பாக் தம் ஐந்தாம் செல்லோத் தொகுதியில் மேல்நரம்பை ஒரு சுரம் இறக்கச் சொன்னது போன்றவை விதிவிலக்குகளே.

ஆங்கே கருவி மாறியது. சுருதி முறை நின்றது. ஈங்கோ கருவி நின்றது; சுருதி முறை மாறியது. மேலைநாட்டு வயலினில் இரண்டாம் நரம்பு முதலதற்கு இளி. மூன்றாவது அந்த இளிக்கு இளி. நான்காவது அதற்கும் இளி. நம்மவர் அவ்வடுக்கைக் கலைத்து ச, ப, ச, ப என இரு குரலும் இரு இளியுமாக்கினர். பாடுவோரின் ஆதார சுருதி கருவிக்குள் குடிபுகுந்தது. தரையில் சம்மணமிட்டமர்ந்து, கருவியின் தலையை வலக்கணுக்காலில் ஊன்றினர். தாங்கும் சுமை நீங்கிய இடக்கை நரம்பின்மீது தடையின்றி வழுக்கியது, கமகம் கைவந்தது.

இன்று வயலின் இல்லாத கச்சேரி அரிது. அதனை அயற்கருவி என்று எவரும் ஒதுக்குவதில்லை.

கவிஞர்களே! வடிவம் எங்கிருந்தும் வரலாம். ஐக்கூவின் மூன்றடியை வாங்கி, நாம் காணாத செர்ரி மலரை அதில் பாடினால் அது இரவல் சுருதி. மணமேல்குடிக் கரையில் வலை உலர்த்தும் பெண்ணின் பேச்சொலிக்கு அம்மூன்றடியைக் கூட்டிப் பாருங்கள். கூடவில்லையெனில் அடியை மாற்றுங்கள். அந்தப் பேச்சை மாற்றாதீர்கள். அடுத்த பத்தாண்டில் இவ்வட்டம் ஆற்றவேண்டிய பணி இதுவே.