லாபம் குவிந்தபோதே ஆட்குறைப்பு!



மாதச் சந்தா கட்டிச் செல்போனில் படம் பார்க்கும் ஏற்பாடு இன்று பட்டிதொட்டி வரை வந்துவிட்டது. இந்த வியாபாரத்தில் மிகப் பெரிய கம்பெனிகளில் ஒன்று அமெரிக்காவின் நெட்ஃபிளிக்ஸ். 1997-ல் தொடங்கப்பட்ட இக்கம்பெனி, பட டிஸ்க்குகளைத் தபாலில் வாடகைக்கு அனுப்பி வளர்ந்தது. 2007-ல் இணையம் வழியாகப் படம் காட்ட ஆரம்பித்தது. இதன் ஏற்ற இறக்கத்தை நாம் ஏன் பேச வேண்டும்? ஏறும்போது லாபம் யாருக்கு, இறங்கும்போது சுமை யார் தலையில் என்பது இதில் பளிச்சென்று தெரிகிறது.

2020-ல் கொரோனா வந்தது. உலகமே வீட்டுக்குள் முடங்கியது. அந்த ஒரே ஆண்டில் இக்கம்பெனிக்கு 3½ கோடிக்கும் அதிகமான புதுச் சந்தாதாரர்கள் சேர்ந்தார்கள். பங்கு விலை விண்ணைத் தொட்டது.

2022-ன் முதல் மூன்று மாதங்களில் சந்தாதாரர் தொகை 2 லட்சம் குறைந்தது. மொத்தம் இருந்ததோ 22 கோடி! ஆயிரத்துக்கு ஒருவர்கூடக் குறையவில்லை. அதுவும் ரஷ்யாவில் சேவையை நிறுத்தியதால் 7 லட்சம் பேரை இழந்ததன் விளைவு. ஆனால் ஏப்ரல் 20-ந் தேதி ஒரே நாளில் பங்கு விலை 35 சதவீதம் சரிந்தது. 5,000 கோடி டாலருக்கு மேல் மதிப்பு மறைந்தது.

கம்பெனி நஷ்டத்தில் விழுந்ததா? இல்லை! அதே மூன்று மாதங்களில் அதன் நிகர லாபம் சுமார் 160 கோடி டாலர். லாபம் இருந்தது; பங்குச் சந்தை எதிர்பார்த்த வேகத்தில் வளர்ச்சி இல்லை. அவ்வளவுதான் குற்றம்! அதற்குத் தண்டனை யாருக்கு? மே மாதம் சுமார் 150 பேர், ஜூனில் சுமார் 300 பேர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். பார்ப்பவர்களையும் விடவில்லை. 2022 நவம்பரில் விளம்பரத்தோடு கூடிய மலிவுச் சந்தா வந்தது. 2023-ல் ஒரு வீட்டுச் சந்தாவில் வேறு வீட்டார் பார்ப்பதற்குத் தனிக் கட்டணம் கேட்டார்கள்.

கதை எழுதுவோர் நிலை என்ன? தொலைக்காட்சியில் தொடர் மறுபடி ஓடினால் எழுதியவருக்குப் பங்கு கிடைத்து வந்தது. இந்தப் புது வியாபாரத்திலோ லட்சம் பேர் பார்த்தாலும் கோடி பேர் பார்த்தாலும் ஒரே தொகை. எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கையும் முதலாளி தன் பெட்டிக்குள் பூட்டி வைத்துக்கொண்டார்.

2023 மே 2-ந் தேதி, சுமார் 11,500 எழுத்தாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நெட்ஃபிளிக்ஸ், டிஸ்னி, அமேசான் முதலிய கம்பெனிகள் ஓரணியில் நின்றன. ஜூலையில் நடிகர் சங்கமும் களத்தில் குதித்தது. 1960-க்குப் பிறகு இவ்விரு சங்கங்களும் ஒரே சமயத்தில் வேலைநிறுத்தம் செய்தது இதுவே முதல் தடவை. எழுத்தாளர்கள் 148 நாள் உறுதியாக நின்றார்கள்.

பலன் என்ன? அதிகம் பேர் பார்க்கும் தொடருக்குப் போனஸ். ஒரு தொடருக்கு இத்தனை எழுத்தாளர்களாவது வேண்டும் என்ற வரையறை. செயற்கை அறிவு இயந்திரத்தைக் காட்டிக் கூலியைக் குறைப்பதற்குத் தடை. பார்வைக் கணக்கைச் சங்கத்திடம் காட்டவும் கம்பெனிகள் ஒப்புக்கொண்டன. இது முழு வெற்றி அல்ல. வெளியான முதல் 90 நாட்களில் உள்நாட்டுச் சந்தாதாரரில் 20 சதவீதம் பேர் பார்த்தால்தான் அந்தப் போனஸ். பெரும்பாலான தொடர்கள் அந்த அளவை எட்டுவதில்லை. ஆனாலும் பூட்டிய பெட்டி கொஞ்சம் திறந்தது.

2024 முடிவில் நெட்ஃபிளிக்ஸுக்கு 30 கோடிக்கு மேல் சந்தாதாரர்கள். கம்பெனி மீண்டும் ஏறிவிட்டது. 2022-ல் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு அந்த ஏற்றத்தில் என்ன பங்கு?

தோழர்களே, போனஸ் பேச்சுவார்த்தையில் ஆலையின் வரவு செலவுக் கணக்கைக் காட்டு என்று கேட்டுப் பழகியவர்கள் நாம். அறுவடைக் களத்தில் அளவு மரக்கால் சரிதானா என்று பார்த்துப் பழகியவர்கள் நாம். ஹாலிவுட் எழுத்தாளர்கள் கேட்டதும் அதையேதான். தொழில் இறங்குகிறது என்று முதலாளி சொல்லும்போது, முதலில் கணக்கைக் கேட்போம்!