பழந்துணியும் சுயமரியாதையும்



இன்று பழந்துணியைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றவுடன் உங்களில் சிலர் சிரிக்கக்கூடும். ஜாதி ஒழிப்பைப் பேச வந்தவர்களுக்குப் பழந்துணியில் என்ன வேலை என்றும் நினைக்கலாம். ஆனால் நம் நாட்டில் ஜாதி எதில்தான் இல்லை? உண்ணும் சோற்றில் இருக்கிறது. குடிக்கும் தண்ணீரில் இருக்கிறது. கட்டிக் கழித்த துணியிலுங்கூட இருக்கிறது.

மனுதர்ம சாஸ்திரத்தின் 10-வது அத்தியாயத்தைப் பாருங்கள். சூத்திரனுக்கு மிச்சச் சோற்றையும் பழந்துணியையும் கொடுக்கவேண்டும் என்றும், சண்டாளன் பிணத்தின் துணியையே உடுத்தவேண்டும் என்றும் அதில் விதித்திருக்கிறது. அதாவது, உடம்பை மூடுவதற்காக அல்ல. இவன் இழிந்தவன் என்று ஊருக்குக் காட்டுவதற்காகவே பழந்துணி! இன்றும் தெருக்கூட்டும் அம்மாள் வாசலுக்கு வெளியே நிற்க, வீட்டுக்காரர் எட்ட இருந்தே பழம்புடவையைப் போட்டுவிட்டுத் தமக்குப் புண்ணியம் வந்ததாக எண்ணிக்கொள்ளுகிறாரே, அது அந்த விதியின் மிச்சமல்லாமல் வேறென்ன?

அதே வீட்டுக்காரரைப் பிறர் கட்டிய துணியை வாங்கச் சொல்லிப் பாருங்கள். "தரித்திரம் ஒட்டிக்கொள்ளும்" என்பார். ஆனால் அம்மனுக்குச் சாத்திய சேலையைக் கோவிலில் ஏலம் போட்டால் போட்டி போட்டு வாங்குகிறார். அதுவும் பழஞ்சேலைதானே! ஆயிரம் கை மாறி வந்த ரூபாய் நோட்டில் யாருக்காவது தீட்டுத் தெரிகிறதா? துணியில் அழுக்கிருந்தால் சோப்பும் வெந்நீரும் போதும். வெளுத்த பிறகும் அதில் ஜாதி தெரிகிறதென்றால், அது துணியில் இல்லை; பார்ப்பவர் மூளையில் இருக்கிறது.

இனி, லிதுவேனியா என்ற சிறு நாட்டில் நடந்ததைக் கேளுங்கள். 2008-ஆம் ஆண்டில் மில்டா மிட்குதே என்ற பெண்மணி, வீடு மாறும்போது தம்மிடம் அளவுக்கு மிஞ்சித் துணி இருப்பதைக் கண்டு, யூஸ்டாஸ் யானவுஸ்காஸ் என்பவரோடு சேர்ந்து 'வின்டெட்' என்ற ஏற்பாட்டை ஆரம்பித்தார். இன்று அது கைப்பேசிச் செயலியாக ஐரோப்பாவின் பல நாடுகளில் நடக்கிறது. விற்பவர் துணியைப் படமெடுத்து, அளவு, நிலைமை, விலை ஆகியவற்றைப் போடுகிறார். வாங்குபவர் கட்டும் பணம் இடையில் நிற்கிறது. பார்சல் வந்து, சொன்னபடி இருந்தால்தான் விற்றவருக்குப் போகிறது. இதில் கொடுப்பவர் தர்மப்பிரபுவுமல்லர், வாங்குபவர் கையேந்துபவருமல்லர். கும்பிடுமில்லை, புண்ணியமுமில்லை. இருவரும் சமம். மனு இழிவாக விதித்ததை அங்கே நாணயமான வியாபாரமாக்கியிருக்கிறார்கள்.

இதில் உலகத்துக்கும் லாபமுண்டு. ஒரு பருத்திச் சட்டைக்குப் பருத்தி விளைவது முதல் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறதென்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு சட்டையை இருவர் உடுத்தி, அதனால் புதுச்சட்டை ஒன்று குறைந்தால் அவ்வளவு தண்ணீர் மிச்சம்.

ஆனால், செயலி வந்ததாலேயே எல்லாம் தீர்ந்தது என்று நம்பினால் அதுவும் ஒரு மூடநம்பிக்கையேயாகும். பழையதை விற்றுவிடலாம் என்ற தைரியத்தில் புதிதாக நான்கு வாங்கினால் மிச்சமெங்கே? கானா நாட்டின் அக்ரா நகரில் கண்டமாண்டோ என்ற பெரிய பழந்துணிச் சந்தை இருக்கிறது. மேல்நாடுகளிலிருந்து வரும் துணியை அங்குள்ளோர் தைத்து, வெளுத்து, சாயமேற்றி விற்றுப் பிழைக்கிறார்கள். அத்துணிக்கு அவர்கள் இட்ட பெயர் "செத்த வெள்ளைக்காரன் துணி" என்பது. உயிரோடிருப்பவன் இவ்வளவு நல்ல துணியைக் கழிப்பானா என்ற ஆச்சரியத்தில் வந்த பெயராம்! ஆனால் விலைபோகாத துணிகள் குப்பையாகி, கடற்கரை வரை போய்க் குவிகின்றன. வாங்குபவர் புத்தி மாறாதவரை யந்திரம் என்ன செய்யும்?

ஆகையால் தோழர்களே! தேவைக்கு மட்டும் வாங்குங்கள். கிழிந்தால் தைத்துக் கட்டுங்கள். பிறர் கட்டியதை விலை கொடுத்து வாங்குவதில் வெட்கப்படாதீர்கள். இனாமாகக் கொடுப்பதானாலும் உள்ளே அழைத்து, உட்காரவைத்து, கையில் கொடுங்கள். எட்ட நின்று போடுவது பிச்சையுமல்ல, தர்மமுமல்ல. அது மனுவின் சட்டத்தை நிறைவேற்றுவதேயாகும் என்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறோம்.