ஒரு சதுர மீட்டர் பாடம்



பள்ளிகளில் சுற்றுச்சூழல் கல்வி கட்டாயம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991-ஆம் ஆண்டிலேயே சொன்னது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் வந்த உத்தரவு அது. இன்று தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்பிலேயே ‘சூழ்நிலையியல்’ பாடம் இருக்கிறது.

பாடப்புத்தகம் இருந்தால் மட்டும் போதுமா? சொல்லிக்கொடுக்கும் ஆசிரியரும் தயாராக வேண்டும். மரத்தின் பயன்களைப் பத்து வரியில் கரும்பலகையில் எழுதிப்போட்டால் குழந்தை மனப்பாடம் செய்யும். மரத்தை அண்ணாந்து பார்க்காது.

ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் இதற்கு எளிய வழி உண்டு. வளாகத்தில் நான்கு குச்சிகளை நட்டு, நூல் கட்டி, ஒரு சதுர மீட்டர் நிலத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பயிற்சி ஆசிரியர்கள் கால் மணி நேரம் அதையே கவனிக்கட்டும். அருகம்புல், குப்பைமேனி, எறும்புச் சாரை, மண்புழு தள்ளிய மண்ணுருண்டை, மக்காத பிளாஸ்டிக் உறை என்று எல்லாம் கண்ணில் படும். நிழல் விழும் இடத்தில் மட்டும் ஈரம் ஏன் என்ற கேள்வியும் பிறக்கும்.

“இது என்ன பூச்சி, டீச்சர்?” என்று குழந்தை கேட்டால், பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. “வா, சேர்ந்தே கண்டுபிடிப்போம்” என்று சொல்லும் துணிவைப் பயிற்சிக் காலத்திலேயே வளர்க்க வேண்டும்.

ஆசிரியப் பெருமக்களே, வாரத்தில் ஒரு பாடவேளையாவது குழந்தைகளை மரத்தடிக்கு அழைத்துச் செல்லுங்கள். பெற்றோரே, பிள்ளையின் கையில் மண் ஒட்டியிருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். இன்று என்ன பார்த்தாய் என்று கேளுங்கள்.