கூலியும் நமது, களவின் கருவியும் நாமா?

(ஹெப்பகோடியில் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரை)

தோழர்களே!

2016 ஏப்ரலில் ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள் இந்த ஓசூர் சாலையை நிறைத்து நின்றதை உங்களில் பலர் நேரில் கண்டிருப்பீர்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வருங்கால வைப்பு நிதியில் முதலாளி செலுத்தும் பங்கை 58 வயது வரை எடுக்கக் கூடாது என்று ஒன்றிய அரசு விதி கொண்டுவந்திருந்தது. போராட்டம் வெடித்த இரண்டாம் நாளே அவ்விதி திரும்பப் பெறப்பட்டது. அன்று அரசு முடக்க முனைந்த சேமிப்பைத் தொழிலாளி வீதிக்கு வந்து மீட்டார். இன்று அதே சேமிப்பு ஒரு தொலைபேசி அழைப்பில் பறிபோகிறது. ஆனால் இழந்தவர் வெட்கத்தால் வாய்மூடி அறைக்குள் அமர்ந்துவிடுகிறார். அந்த மௌனத்தைப் பற்றியே இன்று பேச வந்துள்ளேன்.

இணையவழி மோசடிகளில் இந்திய மக்கள் 2023இல் இழந்த தொகை சுமார் 7,465 கோடி ரூபாய். 2024இல் அது 22,845 கோடியாகப் பெருகியது. இவை ஒன்றிய உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் அளித்த கணக்குகள். ஓராண்டில் மூன்று மடங்கு! மக்கள் திடீரென மூன்று மடங்கு ஏமாளிகளாகிவிட்டனர் என்று இதற்குப் பொருளில்லை. மோசடி ஒரு தொழிலாக அமைப்பாக்கப்பட்டுவிட்டது என்பதே பொருள்.

காவல் துறை என்ன செய்கிறது? இணையக் குற்றங்களுக்கென நாட்டின் முதல் காவல் நிலையம் 2001இல் தொடங்கப்பட்டது நமது பெங்களூரில்தான். ஆயினும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 78ஆவது பிரிவின்படி, அச்சட்டத்தின் கீழ் வரும் குற்றங்களை ஆய்வாளரும் அவருக்கு மேற்பட்டவர்களுமே புலனாய்வு செய்ய முடியும். புகார்கள் வெள்ளமெனக் குவியும்போது இருக்கும் ஆய்வாளர்கள் எத்தனை வழக்குகளைத் தொடர முடியும்? ஆகவே குற்றவாளியைத் தேடிப் பிடிப்பதைக் காட்டிலும் பணத்தை வழியிலேயே நிறுத்துவது முதன்மையாகிறது.

அதற்கான ஏற்பாடே 1930 என்ற உதவி எண். நாம் பணப் பரிமாற்ற எண்ணையும் வங்கி விவரத்தையும் கூறியவுடன் அது வங்கிகளை இணைக்கும் வலையமைப்பில் பதிவாகிறது. பணம் எந்தக் கணக்கிற்குச் சென்றதோ, அந்தக் கணக்கில் எஞ்சியிருப்பதை வங்கி நிறுத்திவைக்கிறது. மோசடிக்காரரோ பணத்தைக் கணக்கு விட்டுக் கணக்காக விரைந்து மாற்றி, ஏடிஎம் வழியாகவோ கிரிப்டோ நாணயமாகவோ வெளியேற்றிவிடுகிறார். ஒரு மணி நேரம் முந்தினால் பணம் மிஞ்சலாம். ஒரு நாள் தயங்கினால் தடம் மட்டுமே மிஞ்சும்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கையையும் அறிந்துகொள்ளுங்கள். வங்கியின் பிழையோ நமது பிழையோ இன்றி மூன்றாம் தரப்பால் பணம் பறிபோய், நாம் மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால், இழப்பு நம்முடையதன்று. ரகசிய எண்ணை நாமே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு நம்முடையது; தெரிவித்த பின் நேர்வது வங்கியுடையது. பொறுப்பு வாடிக்கையாளருடையதே என்று மெய்ப்பிக்க வேண்டியதும் வங்கியே. ஆகவே இங்கும் மௌனமே நம் எதிரி.

‘டிஜிட்டல் கைது’ என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். சட்ட வாசகங்களை மொழிபெயர்ப்பது என் பணி. எந்தச் சட்டத்திலும் இப்படியொரு சொல் இல்லை. கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்திற்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்கிறது சட்டம். காணொளி அழைப்பில் சீருடை அணிந்து மிரட்டுபவர் காவலர் அல்லர். அவரது முதல் கட்டளை, “யாரிடமும் சொல்லாதே” என்பதே. அவரது மூலதனம் நமது தனிமை.

இனி, கசப்பான ஒன்றைக் கூற வேண்டும். திருடிய பணம் தங்கிச் செல்ல வங்கிக் கணக்குகள் தேவை. “உன் கணக்கையும் ஏடிஎம் அட்டையையும் சிம்மையும் கொடு, சில ஆயிரம் தருகிறேன்” என்று தரகர்கள் தேடி வருவது வேலையிழந்தவர்களையும் ஒப்பந்தத் தொழிலாளர்களையும்தான். இவற்றை ‘மியூல்’ கணக்குகள் என்கின்றனர். சுமப்பவர் மாட்டிக்கொள்வார், சுமத்தியவர் தப்பிவிடுவார். ஒரு தொழிலாளியின் கூலி இன்னொரு தொழிலாளியின் கணக்கு வழியே களவு போகும் கொடுமை இது.

இந்தச் சங்கிலியின் மறுமுனையிலும் உழைப்பவரே இருக்கிறார். வேலை என்று நம்பி மியான்மருக்கும் கம்போடியாவுக்கும் சென்ற நம் இளைஞர்கள் அங்கே அடைத்து வைக்கப்பட்டு, மோசடி அழைப்புகளைச் செய்யுமாறு வதைக்கப்பட்டனர். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இவ்வாறு சிக்கியிருக்கக்கூடும் என ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023இல் மதிப்பிட்டது.

எனவே, “எச்சரிக்கையாக இரு” என்ற குறுஞ்செய்தியோடு அரசும் வங்கிகளும் கைகழுவிவிட முடியாது. காவல் நிலையங்களில் போதிய ஆய்வாளர்களை நியமிக்கவும், சரிபார்க்காமல் கணக்குத் திறந்த வங்கிகளைப் பொறுப்பாக்கவும் நாம் வலியுறுத்த வேண்டும். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். ஒவ்வொரு ஆலை வாயிலிலும் குடியிருப்பிலும் 1930ஐ அழைத்து விவரம் சொல்லத் தெரிந்த இரு தோழர்களேனும் இருக்கட்டும். கன்னடம் அறியாத தொழிலாளியுடன் காவல் நிலையம் வரை ஒருவர் உடன் செல்லட்டும். எந்தக் காவல் நிலையத்திலும், எல்லை காரணம் காட்டாமல், முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யப்பட வேண்டும் என்பது இன்றைய சட்டம். அதன் படியை இலவசமாகக் கேட்டுப் பெறுங்கள்.

ஏமாந்தவரை எள்ளி நகையாடாதீர்கள், தோழர்களே. நகைப்புக்கு அஞ்சி அவர் மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கு நாம் அளிக்கும் அவகாசம்.