இலாசர் அமர்ந்திருந்த பந்தி



நவம்பர் பிறந்தால் போதும், பங்கு அலுவலகத்தில் திருப்பலிக் கருத்துச் சீட்டுகள் குவிந்துவிடும். தாத்தா, பாட்டி, போன வருடம் இறந்த அண்ணன் என்று பெயர்கள். கல்லறைத் தோட்டத்தில் புல் செதுக்கி, சிலுவைக்குச் சுண்ணாம்பு அடித்து, மெழுகுதிரி ஏற்றுகிறோம். இந்த ஆண்டு எனக்கு வந்தது சீட்டு அல்ல, ஒரு நோட்டுப் புத்தகம்.

எங்கள் பங்கு மண்டபத்தில் மாதம் ஒருமுறை ஒரு குழு கூடுகிறது. சிறுநீரகமோ கல்லீரலோ இதயமோ மாற்றி வைக்கப்பட்டவர்கள், அதற்காகக் காத்திருப்பவர்கள், அவர்கள் வீட்டார். எல்லா மதத்தவரும் உண்டு. எந்த மாத்திரை எங்கே விலை குறைவு, காப்பீட்டு அட்டைக்கு யாரைப் பார்க்க வேண்டும், காய்ச்சல் அடித்தால் எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும், இதுதான் அவர்கள் பேச்சு. அந்த நோட்டில் இருப்பவை அவர்களுள் இறந்தவர்களின் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று தேதிகள்: பிறந்த நாள், ஆபரேஷன் நாள், இறந்த நாள். நடுவில் உள்ளதை இரண்டாம் பிறந்தநாள் என்கிறார்கள். உயிரோடிருந்தவரை கேக் வெட்டியிருக்கிறார்கள். சில பெயர்களுக்கு அந்த நடுத்தேதி இல்லை, வெறும் கோடுதான். காத்திருந்தபடியே போனவர்கள்.

நோட்டைக் கொண்டுவந்தவர் ஒரு தாய். "பதினோரு பேரு, சாமி. எல்லாருக்கும் சேத்து ஒரு பூசை வைக்கணும்" என்றார். ஏழாவது பெயர் அவருடைய மகன். மகனுக்குச் சிறுநீரகம் கொடுத்தவரும் அவரேதான். மூன்று ஆண்டுகள் மகன் நன்றாக இருந்தான். பிறகு ஒரு நோய்த்தொற்று, தீவிர சிகிச்சைப் பிரிவு, முடிந்தது. அடக்கம் முடிந்த அன்று உறவினர் ஒருவர் அவரிடம், "பாவம், உன் கிட்னியும் வீணாப் போச்சே" என்றாராம். ஆறுதலாகத்தான் சொல்லியிருப்பார். அந்தத் தாய் என்னிடம் கேட்டார்: "என் உடம்புல ஒரு பாகம் அவனோட மண்ணுக்குள்ள இருக்கு. வீணாத்தான் போச்சா, சாமி?"

நான் உடனே உடலின் உயிர்ப்பைப் பற்றிச் சொன்னேன். சொன்னது அத்தனையும் திருச்சபையின் போதனைதான். அவர் தலையாட்டினார், கும்பிட்டார், போய்விட்டார். குருமடத்தில் இறையியல் படித்த எங்களுக்கு இந்த ஆபத்து உண்டு: கேள்வி முடியுமுன்னே பதில் தயாராக இருக்கும்.

அன்றிரவு யோவான் நற்செய்தியை எடுத்தேன். இலாசரை இயேசு கல்லறையிலிருந்து எழுப்பிய 11ஆம் அதிகாரம் நமக்குத் தெரியும். அடக்கத் திருப்பலிகளில் வாசிக்கிறோம். அந்த இலாசர் மறுபடியும் இறந்தார் என்பதை நாம் யோசிப்பதில்லை. எப்போது, எப்படி என்று நற்செய்தியில் இல்லை. எத்தனை ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தார் என்றும் இல்லை. எழுந்த இலாசரை யோவான் நமக்குக் காட்டுவது ஒரே ஓர் இடத்தில், 12ஆம் அதிகாரத் தொடக்கத்தில். பெத்தானியாவில் விருந்து. மார்த்தா பரிமாறுகிறார். பந்தியில் இயேசுவோடு இலாசரும் உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவுதான். அவர் சாதனை செய்ததாகவோ சாட்சி சொன்னதாகவோ அங்கே ஒரு வரி கிடையாது. வீட்டாரோடும் நண்பர்களோடும் உட்கார்ந்து சாப்பிட்டார்.

அதே பந்தியில்தான் மரியா விலையுயர்ந்த நறுமணத் தைலத்தை ஆண்டவரின் காலடியில் ஊற்றுகிறார். அதே பந்தியில்தான் யூதாசு கணக்குப் பார்க்கிறான்: இதை 300 தெனாரியத்துக்கு விற்றிருக்கலாமே! கொடுத்த அன்பை வீண் என்று சொல்லும் குரல் அந்தக் காலத்திலேயே, அந்த மேசையிலேயே இருந்திருக்கிறது. இயேசு அந்தக் கணக்கை ஏற்கவில்லை. மரியாவை விட்டுவிடச் சொன்னார்.

இன்னொரு வீட்டுக் கதையையும் சொல்கிறேன். 1954 டிசம்பர் 23, கிறிஸ்து பிறப்புக்கு இரண்டு நாள் முன்பு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ரொனால்டு ஹெரிக் என்பவரின் சிறுநீரகத்தை, அவருடைய இரட்டைச் சகோதரர் ரிச்சர்டுக்கு வைத்தார்கள். உலகில் நன்றாக நிலைத்த முதல் சிறுநீரக மாற்று அதுதான். அறுவை செய்த டாக்டர் ஜோசப் மர்ரே ஒரு கத்தோலிக்கர். 1990இல் நோபல் பரிசு பெற்றவர். நோயே இல்லாத ஒருவரின் உடலில் கத்தி வைக்கலாமா என்று, பல சபைக் குருக்களிடமும் கேட்டுவிட்டுத்தான் அவர்கள் அதில் இறங்கினார்கள். ரிச்சர்டு குணமானார். தம்மைக் கவனித்துக்கொண்ட செவிலியரையே மணந்தார். இரண்டு பெண் குழந்தைகள். 1963இல் இறந்துபோனார். எட்டு ஆண்டுகள். கொடுத்த ரொனால்டோ ஒரு சிறுநீரகத்தோடு 2010 வரை, 79 வயது மட்டும் வாழ்ந்தார். அந்த இரண்டு பெண்பிள்ளைகளிடம் போய், உங்கள் அப்பாவுக்குக் கொடுத்தது வீண் என்று யார் சொல்வார்?

திருச்சபை இதில் தெளிவாக இருக்கிறது. இறந்தபின் உறுப்புகளைக் கொடுப்பது உன்னதமான செயல் என்று மறைக்கல்வி 2296ஆம் எண்ணில் கற்பிக்கிறது. புனித இரண்டாம் யோவான் பவுல் 2000 ஆகஸ்டில் உரோமையில் உறுப்பு மாற்று மருத்துவர்களின் உலக மாநாட்டுக்கே நேரில் போய்ப் பேசினார். கேரளத்தில் பாலை மறைமாவட்டத் துணை ஆயராக இருந்த ஜேக்கப் முரிக்கன் 2016இல் தம் சிறுநீரகம் ஒன்றை ஓர் இந்து சகோதரருக்குக் கொடுத்தார். நம் தமிழ்நாட்டில் 2008இல் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியர், விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்தார்கள். அதைக் கேட்டு எத்தனையோ வீடுகள் மனம் துணிந்தன. 2023 முதல் உறுப்பு தந்தவர்களின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதை உண்டு. மிக நல்லது. ஆனால் பெற்றுக்கொண்டு, சில ஆண்டு வாழ்ந்து, இறந்தவரை யார் நினைக்கிறார்கள்?

அவர்கள் வாழ்ந்த வாழ்வு எளிதானதல்ல. வந்த உறுப்பை உடம்பு அந்நியன் என்றே பார்க்கும். எதிர்த்து வெளியேற்றப் பார்க்கும். அதை அடக்க ஆயுள் முழுக்க, நேரம் தவறாமல் மாத்திரை. அந்த மாத்திரை உறுப்பைக் காப்பாற்றும். கூடவே உடம்பின் காவலையும் தளர்த்திவிடும். நமக்குச் சாதாரணச் சளி, அவர்களுக்கு ஆஸ்பத்திரி. முகக்கவசத்தோடு கடைசிப் பெஞ்சில் கதவோரம் உட்கார்ந்து, கூட்டம் கலையுமுன் கிளம்பிவிடும் ஒருவரை, "பின்னாடி நிக்கிறவங்க முன்னாடி வாங்க" என்று நான் மைக்கில் கூப்பிட்டிருக்கிறேன். அவர் வரவில்லை. எனக்குக் கோபம் வந்தது. அவர் பெயரும் இப்போது அந்த நோட்டில் இருக்கிறது.

பலருக்குத் தங்களுக்குக் கொடுத்தவர் யார் என்றே தெரியாது. இறந்தவரிடமிருந்து பெறும்போது பெயரைச் சொல்வதில்லை. "யாருன்னு தெரியாத ஒருத்தருக்காக தினம் வேண்டிக்கிறேன்" என்று குழுவில் ஒரு முஸ்லிம் பெரியவர் சொன்னார். நான்காம் நற்கருணை மன்றாட்டில், எவருடைய நம்பிக்கையை இறைவன் ஒருவரே அறிந்திருக்கிறாரோ அந்த இறந்தோரையும் நாம் நினைக்கிறோம். இத்தனை ஆண்டுகளாகச் சொல்லிவரும் மன்றாட்டுதான். யாருக்காகச் சொல்கிறேன் என்று இப்போதுதான் எனக்கு முகங்கள் தெரிகின்றன.

மறுவாரம் அந்தத் தாயின் வீட்டுக்குப் போனேன். இந்த முறை பதில் கொண்டுபோகவில்லை. "அந்த மூணு வருஷம் தம்பி எப்படிம்மா இருந்தான்?" என்று மட்டும் கேட்டேன். அவர் வேலையையோ சம்பளத்தையோ சொல்லவில்லை. தண்ணீரைப் பற்றிச் சொன்னார். டயாலிசிஸ் செய்த காலத்தில் மகனுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு. இவர்தான் டம்ளரில் அளந்து கொடுப்பார். சித்திரை வெயிலில் பிள்ளை இன்னும் ஒரு வாய் கேட்பான். இவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டரே நிறையக் குடிக்கச் சொல்லிவிட்டார். "வீட்டுக்கு வந்த அன்னைக்கு ஒரு சொம்பு நிறைய எடுத்து, அண்ணாந்து குடிச்சான், சாமி. கழுத்தெல்லாம் வழியுது. நான் பாத்துக்கிட்டே நிக்கிறேன். மூணு வருஷம் அளக்காமக் குடிச்சான்."

நான் எதுவும் சொல்லவில்லை. காப்பி கொடுத்தார், குடித்தேன்.

வருகிற ஞாயிறு மாலைத் திருப்பலியில் அந்தப் பதினோரு பெயர்களும் வாசிக்கப்படும். நடுத்தேதி இல்லாதவர்களின் பெயர்களை முதலில் வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். குழுவில் உள்ள மற்ற மதத்தினரும் வருவார்கள். அவர்களுக்கு இடம் கொடுங்கள். கதவோரப் பெஞ்சுகளை முகக்கவசம் அணிந்தவர்களுக்கு விட்டுவிடுங்கள். சளி, இருமல் உள்ளவர்கள் தயவுசெய்து அன்று காலைத் திருப்பலிக்கு வாருங்கள்.

காணிக்கைப் பவனியில் அப்பத்தையும் இரசத்தையும் யார் யார் கொண்டுவருவது என்று பேசிக்கொண்டிருந்தோம். அந்தத் தாய் எழுந்து, "தண்ணிய நான் கொண்டு வரேன், சாமி" என்றார்.