நீருக்குள் முளைக்கும் நெல்

தண்ணீரிலே வளரும் நெல்லுக்கு வெள்ளத்தால் என்ன கேடு என்று நகரவாசிகளான நம்மிற் பலர் எண்ணுவதுண்டு. விதைத்த மறுநாள் பெருமழை பெய்து வயலில் நீர் தேங்கினால், விதை மண்ணிலேயே அழுகிப்போகும். நாற்று நடுபவருக்கு இவ்வச்சம் குறைவு. நடவுக்கு ஆள் கிடையாமல் நேரே விதைக்கும் உழவருக்கோ விதையும் உழைப்பும் ஒருங்கே போகும்; மறுபடி விதைக்கலாமென்றால் பருவம் காத்திராது.

வெள்ளந்தாங்கும் நெல் நம் நாட்டில் இல்லாமலில்லை. ஒடிசாவின் பழைய நெல்லிலிருந்து தெரிந்தெடுத்த எப்.ஆர். 13ஏ என்னும் வகை அத்தகையது. அதன் குணத்துக்குக் காரணமான 'சப்-1ஏ' என்னும் மரபணு 2006-இல் கண்டறியப்பட்டது. அக்குணம் சேர்த்த 'சுவர்ணா சப்-1' 2009-இல் இந்தியாவில் வெளியிடப்பட்டது. இளம்பயிர் ஏறக்குறைய இரண்டு வாரம் மூழ்கிக் கிடந்தாலும் பிழைக்கிறது. வளர்ச்சியை நிறுத்தி, கையிருப்புச் சர்க்கரையைச் செலவிடாமல், நீர் வடியும்வரை அது அடங்கியிருக்கிறது.

முளைக்கும் விதைக்கு இந்த அடக்கம் உதவாது. அது வளர்ந்தே தப்ப வேண்டும். இரண்டு குணங்களையும் 'வெள்ளந்தாங்குதல்' என்ற ஒரே சொல்லால் குறிப்பது, மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்குச் சற்று உறுத்தலாகவே இருக்கிறது.

பிராணவாயு இல்லாத நீரடியிலும் நெல் முளைக்கும். வேரும் இலையும் தோன்றாமல், குருத்தைப் போர்த்திய உறை மட்டும் குழல்போல் மேல்நோக்கி நீளும். அதன் நுனி நீர்மட்டத்தை எட்டினால் காற்று உள்ளே இறங்கும். அதுவரை எரிபொருள், விதையிலுள்ள மாவுச்சத்துத்தான். அதைச் சர்க்கரையாக்கும் வேலை தொய்ந்தால் முளை பாதி வழியில் நின்றுவிடும்.

பர்மாவின் 'காவ் ஹ்லான் ஆன்' என்னும் பழைய நெல்லில் இவ்வேலை தொய்வதில்லை. அதற்குரிய மரபணுவைப் பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் 9-ஆவது குரோமோசோமில் தேடிப் பிடித்து 2015-இல் அறிவித்தனர். புகழ்பெற்ற ஐ.ஆர். 64 நெல்லில் அம்மரபணுவே இல்லை! அது ஆக்கும் நொதி, 'சர்க்கரை போதும்' என்று செடிக்கு உணர்த்தும் பொருளைச் சிதைக்கிறது. இருப்புக் குறைந்ததாக எண்ணி முளை மாவுச்சத்தைக் கரைத்துக்கொண்டே போகிறது. பொய்ப்பசிதான், ஆனால் உயிர்காக்கும் பசி.

இரு குணங்களையும் ஒரே நெல்லிற் சேர்த்துப் பார்த்ததில், ஒன்றுக்கொன்று இடையூறு செய்யவில்லை. முளைக்கும் குணம் வயலில் உறுதியாகக் கைவந்துவிட்டால், விதைத்தவுடன் உழவர் தாமே நீரை நிறுத்தலாம். களைகளிற் பல நீரடியில் முளைக்கமாட்டா.